பழைய ஆம்னி: மீட்டரில் ஓடியதும் இன்ஜினில் ஓடியதும்

மாருதி ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. இன்றைக்குப் பழைய கார் விற்கும் கன்சல்டிங் வாசலில் நிற்பவற்றில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து வயதைத் தாண்டியவை. மீட்டரைப் பார்த்தால் மட்டும் ஏனோ பலவும் அறுபதாயிரம் எழுபதாயிரத்திலேயே நிற்கும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி, கேட்டரிங் வண்டி, பூ மார்க்கெட் வண்டி என எல்லாம் கல்லூரிப் பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டிகளாக மாறிவிடுகின்றன.

மீட்டர் எண்ணை விற்பவரின் வாக்குமூலமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல், கதவு, டயர், காகிதம், இன்ஜின் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் மீட்டர். பழைய ஆம்னியில் கியர் பாக்ஸிலிருந்து வரும் ஒரு கேபிள்தான் முள்ளையும் எண் உருளைகளையும் சுற்றுகிறது. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டலாம். வண்டிக்கு ஒன்றும் ஆகாது, எண் மட்டும் ஏறாது. "கேபிள் அறுந்திருக்கு சார், சின்ன வேலைதான்" என்று சொன்னால், எப்போது அறுந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மீட்டரில் உள்ள எண்ணுக்கு இனி மதிப்பில்லை. அடுத்து, கிலோமீட்டருக்கு எத்தனை இலக்கம் இருக்கிறது என்று எண்ணுங்கள். கடைசியில் நிறம் மாறியிருக்கும் இலக்கம் நூறு மீட்டருக்கானது, அதைச் சேர்க்கக் கூடாது. ஐந்து இலக்கம் மட்டும் என்றால் 99,999-க்குப் பிறகு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 32,000 காட்டும் வண்டி யாரும் கை வைக்காமலேயே 1,32,000 ஓடியதாக இருக்கலாம்.

கை வைத்திருந்தால் தடயம் இருக்கும். இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். உருளையின் மேல் ஊசி கீறிய கோடு தெரியும். மீட்டர் பெட்டியின் ஸ்குரூ தலைகள் சிதைந்திருக்கும், கண்ணாடி ஓரத்தில் நெம்பிய வடு இருக்கும். இவை எதுவும் இல்லையென்றாலும் நிம்மதி வேண்டாம். முழு மீட்டரையும் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து மாற்றிவிட்டால் ஒரு கீறலும் இருக்காது. டிஜிட்டல் மீட்டர் என்றால் எண்ணை மாற்ற ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது போனில் ஜிபிஎஸ் வைத்துப் பத்து கிலோமீட்டர் போங்கள். வேக முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஆனால் பத்து கிலோமீட்டருக்கு மீட்டர் எண் எட்டுதான் ஏறியது என்றால் மீட்டர் கியரோ டயர் அளவோ மாறியிருக்கிறது.

உடம்பு சொல்லும் கணக்குக்கு வருவோம். ஆம்னியில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி நடுவில் உள்ள தள்ளு கதவு. குடும்ப வண்டியில் அது ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை திறக்கும். பள்ளி வேனில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திறக்கும். கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ரோலர் தேய்ந்திருந்தால் தொங்கும், மூடும்போது கடைசியில் தூக்கிவிட வேண்டியிருக்கும். கீழ் ரெயிலில் ரோலர் ஓடிய பள்ளம் தெரியும். கதவு ரப்பருக்கு அடியிலும் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் பாருங்கள். மேலே வெள்ளை அடித்திருந்தாலும் அங்கே பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் கூடுதல் பெஞ்ச் சீட்டுக்கு போட்ட துளைகள், கூரையில் அடைக்கப்பட்ட துளை என்றால் ஆம்புலன்ஸ் விளக்கு, டாஷ்போர்டில் துளை என்றால் டாக்ஸி மீட்டர். இப்படித் துளைகளை வைத்தே வண்டியின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகி இரும்பு தெரிந்தால் மீட்டரில் 40,000 இருப்பதில் அர்த்தமில்லை. 40,000 வண்டியில் மூன்று பெடலுக்கும் புத்தம் புது ரப்பர் என்றாலும் அதே சந்தேகம்தான். சீட் கவரை விலக்கி டிரைவர் சீட்டின் வலது ஓரப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள், ஏறி இறங்கும் இடம் அதுதான். ஸ்டீயரிங்கின் மேல் பாதி மினுமினுப்பு, கியர் லீவரின் ஆட்டம், வைப்பர் கண்ணாடியில் போட்ட அரைவட்டக் கீறல் எல்லாம் சிறு சாட்சிகள். தனித்தனியே எதையும் நிரூபிக்காது, சேர்ந்து நின்றால் பேசும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். "கம்பெனி டயரே இன்னும் இருக்கு" என்பவரிடம் அதைக் காட்டினால் போதும்.

ஆனால் கிலோமீட்டரே முழு உண்மை அல்ல. ஆம்னியைப் பொறுத்தவரை இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் முக்கியம். நகருக்குள் டெலிவரிக்கு ஓடும் வண்டி சராசரியாக மணிக்கு 15 கி.மீ. போனால், 60,000 கி.மீ.க்கு இன்ஜின் 4,000 மணி நேரம் சுற்றியிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் மணிக்கு 40 சராசரியில் போய்வந்த வண்டி 1,20,000 கி.மீ. ஓடினாலும் 3,000 மணி நேரம்தான். குளிர்ந்த ஸ்டார்ட்களும் கிளட்ச் மிதிப்பும் இரண்டாவது வண்டியில் பல மடங்கு குறைவு. அதிக எண் காட்டும் நேர்மையான வண்டி, குறைந்த எண் காட்டும் நகர வண்டியைவிட நல்ல இன்ஜின் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

காகிதம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண் சொன்னால், உரிமையாளர் உடனிருந்தால், பழைய சர்வீஸ் விவரம் கிடைக்க வாய்ப்புண்டு. வாரண்டி முடிந்ததும் பெரும்பாலானோர் உள்ளூர் மெக்கானிக்கிடம் போய்விடுவதால் முதல் சில வருஷம்தான் இருக்கும். பரவாயில்லை. 2014-இல் 78,000 என்று பதிவான வண்டி இன்று 71,000 காட்டினால் வேறு விசாரணை தேவையில்லை. இன்ஷூரன்ஸ் இடையில் விட்டுப்போய் மறுபடி எடுத்திருந்தால், ஆய்வுக்கு வந்தவர் மீட்டரைப் படம் எடுத்திருப்பார். அந்த அறிக்கையைக் கேளுங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், எரிபொருள், எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியும் தேதி எல்லாம் வரும். ஓன் போர்டுக்கு (சொந்த உபயோக வண்டி) 15 வருஷம் முடிந்திருந்தால் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாக வேண்டும், அது முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். டி போர்டிலிருந்து (டாக்ஸிப் பதிவு) ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால் பயணிகளை ஏற்றி ஓடியது என்று பொருள். விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

இனி இன்ஜின். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சீட்டுகளுக்கு அடியில். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) அலுமினியம். எளிமையான, பொறுமையான இன்ஜின். கெடுப்பது பெரும்பாலும் சூடும் அழுக்கு ஆயிலும்தான்.

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சீட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருவது போதாது, இன்னொரு நாள்தான் வர வேண்டும். இன்ஜினையும் அடிப்பாகத்தையும் வாட்டர் வாஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் ஆயில் கசிவை அன்றைக்குப் பார்க்க முடியாது. தூசி படிந்த இன்ஜின்தான் நல்லது. எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே கசிவு.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப் ஸ்டிக்கை, எடுங்கள். ஆயில் கறுத்திருப்பது குற்றமில்லை. மட்டம் குறைவாக இருந்தால், கசிகிறதா எரிகிறதா என்ற கேள்வி வருகிறது. துளியை இரு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். பசை போல இழுபட்டால், புகையையும் சத்தத்தையும் அமுக்கத் தடித்த ஆயிலோ அதற்கென்று விற்கும் கெட்டி மருந்தோ ஊற்றியிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் லேசாக இப்படிப் படிவது உண்டு. டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) போயிருக்கிறது.

இப்போது சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று வினாடிக்குள் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கிறது, அல்லது கழற்றியிருக்கிறார்கள். இதைவிடச் சாமர்த்தியமான வேலை, அந்த விளக்கின் ஒயரை பேட்டரி சார்ஜ் விளக்கோடு சேர்த்துவிடுவது. இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும், எல்லாம் சரி போலவே தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: சாவி போட்ட நிலையில் இன்ஜினில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் இணைப்பு உண்மையானது. அணையாமல் எரிந்தால் அந்த விளக்கு ஆயிலைப் பார்க்கவே இல்லை.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் முதல் சில வினாடி மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்), அதிகம் பயப்பட வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலப் புகை வந்தால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் காலை எடுத்து ஓட்டி, மறுபடி மிதிக்கும்போது புஸ்ஸென்று வந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்). கறுப்புப் புகை கார்புரேட்டர், சோக், ஏர் ஃபில்டர் சம்பந்தப்பட்டது, சில்லறை வேலை. வெள்ளை ஆவி குளிர் காலையில் இயல்புதான். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்.

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான காற்று வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஈரம் இருந்தால் இது உறுதி.

மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் கொஞ்சம் உதறத்தான் செய்யும், அதைக் குறை என்று எண்ண வேண்டாம். தாளம் தவறாமல் உதறுகிறதா என்பதே கேள்வி. கார்புரேட்டர் வண்டியில் ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினால், மூன்றிலும் இன்ஜின் வேகம் ஒரே அளவு விழ வேண்டும். எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. எம்பிஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் பிளக் ஒயரைத் தொடாதீர்கள், இக்னிஷன் காயில் கெட்டுவிடும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிச் சோதிக்கலாம். மூன்றில் ஒன்று செத்தால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு, மேடு ஏறும்போது உடனே தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்டுக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜ் வைத்து அளப்பதற்கு, பணம் செலவழிக்கலாம். இதைச் செய்யாமல் முன்பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் வெளியே, இக்னிஷன் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்த நிலை, பேட்டரி பலமாக. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடித்து கேஜைப் படியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும், பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பொதுவான பட்டறைக் கணக்கு: 150 பிஎஸ்ஐக்கு மேல் மூன்றும் இருந்தால் நிம்மதி, 120-க்குக் கீழ் போனால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. அளவைவிட வித்தியாசம் முக்கியம். 140, 138, 142 என்பது சீராகத் தேய்ந்த இன்ஜின், இன்னும் ஓடும். 165, 160, 110 என்பது வியாதி. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் விட்டிருக்கிறது.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வையுங்கள். பிஸ்கட் நிறம் நல்லது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், ஆயில் ஈரம் என்றால் ரிங்கோ வால்வு சீலோ. போனில் செருகும் சின்னக் கேமரா ஒயர் இருந்தால் பிளக் துளை வழியே விட்டுப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் தேய்மானம் குறைவு. கண்ணாடி போலப் பளபளத்தால் நிறைய ஓடியிருக்கிறது. பிஸ்டன் தலையில் 0.25 அல்லது 0.50 என்று குத்தியிருந்தால் போர் செய்த (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்ட) இன்ஜின், "இன்ஜின் தொட்டதே இல்லை" என்ற பேச்சு அங்கே முடிகிறது.

போர் செய்தது குறையே அல்ல. லேத் பில், பிஸ்டன் ரிங் செட், பேரிங், ஆயில் பம்ப் பில் எல்லாம் தேதியோடு இருந்தால் அதற்கு நான் கூடுதல் விலை கொடுக்கச் சொல்வேன். தேய்ந்த போரில் புது ரிங்கை மட்டும் மாட்டிவிட்ட வேலைதான் ஆபத்து. முட்டை வடிவமாகிவிட்ட சிலிண்டரில் புது ரிங் உட்காராது, விற்கும் வரை தாங்கும், பிறகு பழையபடி புகை.

சூடு விஷயத்தில் நம் பட்டறைப் பழக்கம் ஒன்று உண்டு. வண்டி ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ஃபேனைச் சாவியோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியில் அரை மணி ஓட்டினாலும் வெப்ப முள் நடுவுக்கு வராது, ஃபேன் சாவி போட்டதுமே சுற்றும். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். அதைவிட முக்கியம், ஏன் கழற்றினார்கள் என்பது. ஒருமுறையாவது நன்றாகக் கொதித்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அலுமினிய ஹெட் வளைந்திருக்கக்கூடும். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் கேஸ்கட் வழியே வாயு தண்ணீருக்குள் வருகிறது. செங்காவி நிறத் தண்ணீர் என்றால் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது.

எல்பிஜி வண்டி என்றால் இன்னொரு கணக்கு. கேஸில் பிளக்கும் ஆயிலும் சுத்தமாகவே இருக்கும், அதை வைத்து ஏமாறக் கூடாது. அதில் தேய்வது எக்ஸாஸ்ட் வால்வு சீட், அதாவது புகை வெளியேறும் வால்வு உட்காரும் வளையம். சீட் தேயத் தேய வால்வு மேலேறி டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) இறுகும், சத்தம் குறைந்து இன்ஜின் அமைதியாகவே தெரியும். பிறகு வால்வு முழுதாக மூடாமல் கருகும். குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடானதும் செல்ஃப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். பெட்ரோலிலும் கேஸிலும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். ஆர்சியில் எல்பிஜி என்று ஏறாத கிட், வீட்டு சிலிண்டர் மாட்டும் ஏற்பாடு என்றால் விலை பேசவே வேண்டாம்.

ரோட்டில் நான்காவது கியரில் 30-இல் போய்க்கொண்டே முழுக்க மிதியுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். கிளம்பும்போதும் காலை எடுக்கும்போதும் அடியில் "டக்" என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கிராஸ் தேய்ந்திருக்கிறது. பின்னால் ஊளைச் சத்தம் என்றால் பின் அச்சில் உள்ள பல்சக்கரங்களான கிரவுன் பினியன். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து ஐடிலில் விட்டு ஆயில் விளக்கைப் பாருங்கள். சூட்டில் அது மினுக்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தடித்த ஆயில் போட்டு மறைத்ததெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

மீட்டர் பொய், ஆனால் மூன்று சிலிண்டரும் சீராக இருக்கிறது என்றால், ஒன்றரை லட்சம் ஓடிய வண்டிக்குரிய விலையைச் சொல்லி வாங்கலாம். மீட்டர் உண்மை, இன்ஜின் சோர்ந்திருக்கிறது என்றால், போர் வேலைக்கு உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையை முழுதாகக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பிளாக்கில் குத்திய இன்ஜின் எண்ணும் ஆர்சியில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்ரஷன் 170 வந்தாலும் வேண்டாம், பெயர் மாற்றத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கிய வாரமே ஆயில், ஃபில்டர், கூலன்ட், தெர்மோஸ்டாட்டோடு டைமிங் பெல்ட்டையும் (வால்வுகளை இயக்கும் பெல்ட்) மாற்றிவிடுங்கள். மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கணக்கை இந்த மீட்டரை நம்பிப் போட முடியாது, அறுந்தால் வண்டி நடு ரோட்டில் நிற்கும். மாற்றிய தேதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் எழுதிச் சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். உங்கள் கணக்கு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.